போலியின் நிலைபேறு: கோர்க் எம்1 என்னும் இசைக்கருவி

பொருள் ஒன்றை ஆக்குவோன் ஒரு நோக்கங் கொண்டு ஆக்குகின்றான். அதனைக் கொள்வோன் பிறிதொரு நோக்கங் கொண்டு கையாளுகின்றான். ஆக்கியோன் எண்ணம் முற்றிய இடத்தில் அப்பொருள் மறக்கப்பட்டொழிய, முற்றாத இடத்தில் அது போற்றப்பட்டு நிலைபெறுதலும் உலகில் உண்டு. இதற்குச் சான்றாக யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, ஜப்பான் நாட்டுக் கோர்க் நிறுவனத்தார் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்1 என்னும் மின்னிசைக் கருவியாகும். 1995ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது. அதற்குள் ஏறத்தாழ 2,50,000 கருவிகள் விற்பனையாயின என்பர். உற்பத்தி நின்று ஒரு தலைமுறை கடந்த பின்னரும் அதன் ஒலிகள் ஓய்ந்தபாடில்லை. புதிய பாட்டுக்களில் அவை கேட்கின்றன. பழைய கருவிகளைத் தேடி வாங்கிச் செப்பஞ்செய்து வைத்திருப்போர் பலர் உளர். ஆக்கிய நிறுவனமே அதனைக் கணிப்பொறிக்குரிய மென்பொருளாக மீண்டும் ஆக்கி வெளியிட்டுள்ளது. அதனினும் பன்மடங்கு ஆற்றலுடைய கருவிகள் எளிய விலைக்குக் கிடைக்கும் இந்நாளில், இப்பழங்கருவிக்கு இத்துணை மதிப்பு நிற்பது எதனால் என்பதே யாம் ஆராயப் புகுந்த வினா. இதழின் தமிழ்ப் பகுதியில் ஒரு ஜப்பானியப் பெட்டிக்கு என்ன வேலை என்று நகைக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. இலக்கணம் பயில்வார்க்கும் இதனுள் ஒரு செய்தி உண்டு.

சிந்தசைஸர் என்பது மின்னோட்டத்தால் ஒலியலைகளைத் தோற்றுவித்து, அவற்றை வடித்தும் திரித்தும் இசையாக்கும் கருவி. எம்1 தோன்றுவதற்கு முன் அத்துறையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒலியைக் கணக்கினாலேயே ஆக்குதல். 1983இல் யமஹா நிறுவனத்தார் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற டிஎக்ஸ்7 இவ்வழியினது. மற்றொன்று, உண்மையான இசைக்கருவியின் ஒலியைப் பதிவுசெய்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்துந்தோறும் அப்பதிவை வெளிவிடுதல். ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரத்தில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்னும் இருவர் 1979இல் ஆக்கிய ஃபேர்லைட் கருவி இவ்விரண்டாம் வழிக்கு முன்னோடி. ஆயின் அதன் விலையோ ஒரு வீட்டின் விலை. அதனைச் செல்வம் மிக்க பாடகர்களும் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுமே வாங்க வல்லனவாயின. மற்றையோர் அதன் படத்தைப் பார்த்து மகிழ்ந்தனர்.

இவ்விரு வழிக்கும் இடையே 1987இல் ரோலண்ட் நிறுவனத்தார் டி-50 என்னும் கருவியில் ஓர் அரிய சூழ்ச்சியைக் கையாண்டனர். ஒரு குழலையும் ஒரு யாழையும் நம் செவி பிரித்தறிவது பெரும்பாலும் அவ்வொலியின் தொடக்கத்தைக் கொண்டே. தந்தியை விரல் தெறிக்கும் கணமும், குழலில் மூச்சு உராயும் கணமும் வெட்டி நீக்கப்படுமாயின், எஞ்சிய நெடிய ஒலியைக் கேட்டு இஃது இன்ன கருவி என்று துணிதல் பழகிய செவிக்கும் அரிதாகும். ஆகவே அத்தொடக்கத்தை மட்டும் உண்மைப் பதிவாக வைத்து, எஞ்சியதைக் கணக்கினால் ஆக்கி ஒட்டினாற் செவி ஏமாறும் என்று அவர்கள் கண்டனர். நினைவகம் பொன்போல விலையுயர்ந்திருந்த காலத்தில் இச்சூழ்ச்சி பெரும் பயன் தந்தது. எம்1ஐ ஆக்கியோரும் இவ்வுண்மையை நன்கு அறிந்தே தம் பணியைத் தொடங்கினர் எனலாம்.

கோர்க் நிறுவனத்தின் பிறப்பையும் இவ்விடத்திற் சிறிது கூறுதல் வேண்டும். டோக்கியோ நகரின் ஷின்ஜுக்குப் பகுதியில் கேளிக்கை விடுதி ஒன்றை நடத்திவந்தவர் சுட்டோமு காட்டோ என்பவர். அவ்விடுதியில் அக்கார்டியன் வாசித்தவர் தடாஷி ஒஸனாய். அவர் தம் வாசிப்புக்குத் துணையாக வுர்லிட்ஸர் நிறுவனத்தாரின் தாளப்பொறி ஒன்றை வைத்திருந்தார். அதன் தாளம் அவருக்கு நிறைவு தரவில்லை. தாமே அதனினும் நல்லதொன்றை ஆக்க இயலும் என்று காட்டோவிடம் கூறிப் பொருளுதவி பெற்றார். 1962இல் நிறுவனம் தோன்றிற்று. 1963இல் டோன்காமாட்டிக் என்னும் தாளப்பொறி வெளிவந்தது. தோல் கட்டிய முரசு ஒன்றுமின்றி முரசொலி செய்வது அப்பொறி. ஆகவே ஒன்றைப் போன்று மற்றொன்றை ஒலிக்கச் செய்தலே அந்நிறுவனத்தின் குலத்தொழில் என்று கூறின் மிகையாகாது.

இனி எம்1இன் அமைப்பைக் காண்போம். 61 கட்டைகள், அடியின் வன்மையையும், அடித்தபின் விரல் தரும் அழுத்தத்தையும் அக்கட்டைகள் உணரும். ஒலியை வளைக்கவும் அதிரச் செய்யவும் இடப்புறத்தில் ஒரு சிறு கைப்பிடி. ஒரு வரிக்கு 40 எழுத்தாக இரண்டு வரி மட்டுமே காட்டும் சிறு திரை. ஒரே நேரத்தில் 16 குரல்கள். 100 தனி ஒலிகள். அவற்றைப் பலவாறு அடுக்கியும் பிரித்தும் அமைத்த 100 கூட்டொலிகள். எதிரொலி முதலிய 33 வகை விளைவுகளைச் சேர்க்கும் இரண்டு உறுப்புக்கள். வாசித்ததை நினைவில் வைத்து மீண்டும் வாசிக்கும் 8 தடச் சீக்வென்ஸர். தலைமைப் பொறியாளராய் இருந்து இதனை வகுத்தவர் ஜுனிச்சி இக்கெயுச்சி. கருவியின் முகப்பிலேயே இசைக்குரிய ஒர்க்ஸ்டேஷன் என்று பொறித்தனர். யாம் இதனை இசைப்பட்டறை என்போம். கொல்லன் பட்டறையில் உலையும் துருத்தியும் சம்மட்டியும் ஒரே கூரையின்கீழ் இருத்தல்போல, முன்பு ஐந்தாறு பெட்டிகளாய்ச் சிதறிக் கிடந்தவை ஒரே கருவிக்குள் அடங்கின.

இதன் பயன் பெரிது. அதற்குமுன் பாட்டொன்றை உருவாக்கக் கருதிய ஏழை இளைஞன், முரசுக்கு ஒருவரையும் அடிநாதத்திற்கு ஒருவரையும் தேடி அவர்தம் தயவையும் கூலியையும் எண்ணிக் கலங்க வேண்டியிருந்தது. எம்1 ஒன்றைக் கடன்பட்டேனும் வாங்கினவன் தன் அறையில் நள்ளிரவிலும் ஒரு முழுப் பாட்டை அமைத்து முடிக்கலாயினான். ஆயினும் கருவி வாரி வழங்கவில்லை. சீக்வென்ஸரில் 4,400 சுரங்களே அடங்கும். 7,700 வரை வேண்டுமாயின் 100 தனி ஒலிகளிற் பாதியையும், 100 கூட்டொலிகளிற் பாதியையும் இழக்க வேண்டும். பாட்டு நீள வேண்டுமாயின் குரல் குறைய வேண்டும் என்பது அக்கருவி விதித்த கட்டளை. இன்று எல்லையின்றி எழுதும் வசதி பெற்றோர், எத்தனை பாட்டை முடிக்கின்றனர் என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளலாம்.

இதுகாறும் கூறியது எம்1 விற்பனையானதற்குக் காரணம். நிலைபெற்றதற்குக் காரணம் ஆகாது. என்னையெனின், ஒருங்கடக்கும் அவ்வசதி பின்வந்த எல்லாக் கருவிகளிலும் இதனினும் மிகுதியாக அமைந்தது. கோர்க் நிறுவனத்தாரே 1991இல் 01/டபிள்யூ, 1995இல் ட்ரினிட்டி, 1999இல் ட்ரைட்டன் என ஒன்றையொன்று விஞ்சுமாறு வெளியிட்டனர். அவையெல்லாம் நல்ல கருவிகளே. எனினும் எம்1இன் ஒலிதான் வேண்டும் என்று கேட்பார் நின்றனர். ஆகவே காரணத்தை அதன் வசதியிலன்றி ஒலியிலேயே தேடல் வேண்டும்.

அதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்1இல் ஒலிப்பதிவுகள் வைத்துள்ள நிலையான நினைவகம் 4 மெகாபைட். 16 பிட் நுட்பமுடைய பதிவில் ஒவ்வோர் அளவீட்டிற்கும் 2 பைட் வேண்டும். சி.டி. என்னும் இசைத்தட்டின் அளவுகோலைக் கொண்டால், விநாடிக்கு 44,100 அளவீடுகள். அஃதாவது ஒற்றைத் தடத்திற்கு விநாடிக்கு 88,200 பைட். 4 மெகாபைட்டை இதனால் வகுத்தால் கிடைப்பது 48 விநாடிக்கும் குறைந்த காலமே. நம் கல்லூரிக் கோயிலில் ஜெபமணி அடித்து ஓயும் நேரத்திற்குள் அக்கருவியின் செல்வம் முழுதும் ஒலித்துத் தீர்ந்துவிடும்! அச்சிறு காலத்திற்குள் பியானோ உண்டு, ஆர்கன் உண்டு, வயலின் கூட்டமும் பாடகர் குழுவும் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் உண்டு, ஜப்பானியரின் கோட்டோ உண்டு, நம் நாட்டுச் சிதாரும் உண்டு, வெறும் புட்டியின் வாயில் ஊதிய ஒலியும், விரற்சொடுக்கும்கூட உண்டு. முரசு வகைகளோ வேறு. இத்தனையும் 48 விநாடிக்குள் எங்ஙனம் அடங்கின?

பியானோவை மட்டும் எடுத்துக்கொள்வோம். உண்மைப் பியானோவின் தாழ்ந்த தந்தி ஒன்றை அடித்துக் கட்டையை அழுத்தியே வைத்திருந்தால், அவ்வொலி அரை நிமிடத்தையும் கடந்து தேய்ந்துகொண்டே செல்லும். அது தேயும்போது ஒரே தன்மையாய்த் தேய்வதில்லை; மேலுள்ள நுண்ணிய துணைச்சுரங்கள் முதலில் மடிய, அடியிலுள்ளவை நின்று கனியும். அயலிலுள்ள தந்திகளும் அதிர்ந்து உடன் முனகும். கட்டைகளோ 88, ஒவ்வொன்றிற்கும் மென்மையாய் அடித்தால் ஒரு குரல், வன்மையாய் அடித்தால் வேறு குரல். இவற்றையெல்லாம் முறையாகப் பதிவுசெய்யும் இக்கால மென்பொருள்கள் ஒரு பியானோவுக்கே பல ஜிகாபைட் இடத்தை விழுங்குகின்றன. எம்1ஐ ஆக்கியோர்க்குக் கிடைத்ததோ 4 மெகாபைட்டில் ஒரு மூலை.

ஆகவே அவர்கள் செய்தது இது. சில சுரங்களை மட்டும் பதிவு செய்தனர். இடைப்பட்ட கட்டைகளுக்கு அப்பதிவையே விரைவுபடுத்தியும் தாழ்த்தியும் பங்கிட்டனர். சுத்தியல் தந்தியை அறையும் தொடக்கத்தைச் செவ்வையாக வைத்தனர். அதன்பின் வரும் நெடிய தேய்வை வெட்டிவிட்டு, ஒரு மிகச்சிறு துண்டை மட்டும் சக்கரம்போல் மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, அதன் ஓசையையும் ஒளியையும் படிப்படியாகக் குறைத்தனர். சுழலும் துண்டிற்கு அகவாழ்வு இல்லை. அது முதுமையடைவதில்லை, குறைகின்றது, அவ்வளவே. இதனால் விளைந்த ஒலி யாது? தொடக்கத்திற் கண்ணாடியை உளியால் தட்டினாற்போன்ற கூர்மை. உடனே அதன்பின் மெலிந்து, நேராய், வெறுமையாய் நிற்கும் ஒரு நாதம். பீத்தோவனை வாசித்துப் பழகிய ஒருவர் அதன்முன் அமர்ந்து இரண்டு நிமிடம் வாசித்தால், இது பியானோ அன்று என்று எழுந்துவிடுவார். அவர் கூற்று முற்றும் உண்மை.

ஆனால் அக்காலத்திலேயே வேறு சிலர் அதனை வேறிடத்தில் வைத்துக் கேட்டனர். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்தில், 1980களின் தொடக்கத்தில், வேர்ஹவுஸ் என்னும் நடனக் கூடத்தை ஒட்டி ஹவுஸ் என்று பெயர் பெற்ற ஒரு நடன இசை தோன்றிற்று. ஃப்ராங்கி நக்கிள்ஸ் அக்கூடத்தில் இசைத்தட்டுக்களை இயக்கியவர். அவ்விசையை வளர்த்த இளைஞர் பலர் செல்வரல்லர். பிறர் பயனில என்று கழித்த பொறிகளைக் குறைந்த விலைக்கு வாங்கியவர். பேஸ் கித்தாருக்குப் பதிலாக ரோலண்ட் நிறுவனத்தார் ஆக்கிய டிபி-303 என்னும் சிறுபெட்டி, கித்தார்போல் ஒலிக்கவில்லை என்று வாங்குவாரின்றி நின்றுபோயிற்று. அதனைத் திருகித் திருகி, எக்கருவியிலும் கேட்டிராத நெளிவொலி ஒன்றைக் கண்டவர் அச்சிகாகோ இளைஞரே. எம்1இன் பியானோவும் இத்தகையோர் கையிற் சேர்ந்தது. நடனக் கூடத்தில் பெருமுரசு நாற்புறமும் இடிக்கும். அடிநாதம் தரையை அதிரச் செய்யும். அவ்விடத்தில் உண்மைப் பியானோவின் கனிந்த முழக்கம் அவற்றோடு மோதிக் குழம்பிச் சேறாகிவிடும். எம்1இன் பியானோவோ முழக்கமற்றது. ஆதலின் எதனோடும் மோதாது. அதன் கூர்ந்த தொடக்கம் மட்டும் முரசின் இடையே ஊசிபோல் ஊடுருவித் தாளமாகவே ஒலித்தது. பியானோவாகக் கேட்டபோது குறையாயிருந்தது எதுவோ, அதுவே ஈண்டுக் குணமாயிற்று.

இத்தாலியரான பிளாக் பாக்ஸ் குழுவினரின் ‘ரைட் ஆன் டைம்’ 1989இலும், மடோனாவின் ‘வோக்’ 1990இலும் வெளிவந்தன. இரண்டிலும் துள்ளும் பியானோ எம்1இனது என்பர். அக்கருவியில் அதன் பெயர் ‘பியானோ 16 அடி’. இன்னொரு புகழ்பெற்ற ஒலி ‘ஆர்கன் 2’. ராபின் எஸ் என்பவர் 1990இற் பாடிய ‘ஷோ மீ லவ்’ என்னும் பாட்டை ஸ்வீடன் நாட்டு ஸ்டோன்பிரிட்ஜ் மீளமைத்தபோது, அடிநாதத்தை இந்த ஆர்கன் ஒலியிலேயே அமைத்தார். அவ்வடிவமே 1993இல் உலகெங்கும் பரவிற்று. ஆர்கனின் பெயர் தாங்கிய அவ்வொலி, மரக்கதவை விரற்கணுவால் தட்டுவதுபோன்ற ஒரு சிறு மோதலோடு பிறந்து உருண்டையாய் ஒலித்து உடனே நின்றுவிடும். தேவாலயத்தில் யாரேனும் அதனை ஆர்கன் என்று கொண்டு பாமாலைக்குத் துணை வாசிப்பாராயின் சபையார் திரும்பிப் பார்ப்பர். ஆனால் அடிநாதமாக அதற்கு நிகர் பின்னர்த் தோன்றிற்றில்லை.

‘16 அடி’ என்னும் அப்பெயர் எமக்கு மிகுந்த வியப்பை விளைத்தது. பியானோவுக்கு அடிக்கணக்கு எவ்வாறு வந்தது? இது குழல் ஆர்கனிலிருந்து வந்த வழக்கு. ஆர்கனில் 8 அடிக் குழல் வரிசை, எழுதிய சுரத்தையே ஒலிக்கும். 16 அடிக் குழல் வரிசை அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். 4 அடி, ஒரு ஸ்தாயி மேலே. குழல் ஒன்றேனும் இல்லாத சிந்தசைஸர்களும் ஸ்தாயியைக் குறிக்க இவ்வழக்கையே மேற்கொண்டன, எம்1இலும் அவ்வாறே. ஆர்கன் இவற்றிற்கு ஈந்தது அடிக்கணக்கு மட்டுமன்று. பழைய தேவாலய ஆர்கன்களின் இழுப்புக் குமிழ்களிற் பொறித்த பெயர்களை நோக்குக: ஃப்ளூட் என்றிருக்கும், ட்ரம்பெட் என்றிருக்கும், மனிதக் குரல் என்று பொருள்படும் வாக்ஸ் ஹ்யூமானா என்றும் இருக்கும். அக்குமிழை இழுத்து வாசித்தால் மனிதன் பாடுவதுபோல் இராது. மூக்கால் முனகுவதுபோல் இருக்கும். ஆயினும் நூற்றாண்டுகளாக ஒருவரும் அதனைப் பொய்யென்று பிடுங்கி எறிந்திலர். வாக்ஸ் ஹ்யூமானா என்பது நாளடைவில் மனிதக் குரலின் போலி என்னும் நிலை நீங்கி, ஆர்கனுக்கே உரிய தனிக்குரலாயிற்று. பியானோ 16 அடியும் இவ்வழியே சென்றது என்பது எம் கருத்து.

தமிழ் பயில்வார்க்கு யாம் முன்னே குறித்த செய்தி இதுவே. ‘போலி’ என்னும் சொல்லை இன்று யாவரும் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகின்றோம். போலி மருந்து, போலிப் பத்திரம் என்கின்றோம். இலக்கண நூலாரோ அச்சொல்லை அவ்வாறு கொண்டிலர். அறம் என்பது அறன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வரும்போது, ஓரெழுத்தின் இடத்திலே மற்றோரெழுத்து நின்றும் பொருள் பிறழாமையின் அதனைப் போலி என்றனர். ஈண்டுப் போலி குற்றமன்று. மற்றொன்றின் இடத்தில் வந்து நின்று, அவ்விடத்திற்குத் தானும் உரியதாதலே போலி. உவமைக்கும் இஃதொக்கும். முகத்தை மதி என்று கூறுங்கால், இரண்டும் முற்றும் ஒன்றேயாயின் அங்கு உவமையே இல்லை. ஒப்புமைக்கு நடுவே சிறிது இடைவெளி வேண்டும். சுவை அவ்விடைவெளியில் நிற்கின்றது. பியானோவைப் பிழையின்றிப் போன்ற பின்வந்த கருவிகள், பியானோவுக்குப் பதிலாள் ஆயின. பதிலாளை, மேலும் சிறந்த பதிலாள் வந்தவுடன் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம். குறைபட்டுப் போன்ற எம்1ஐ அங்ஙனம் அனுப்ப இயலவில்லை. அது நிற்கும் இடத்தில் நிற்க உண்மைப் பியானோவாலும் ஆகவில்லை.

இதற்கு ஒரு தடை எழுப்புவர். 1988இல் இளைஞராயிருந்தோர் இன்று முதியோராயினர். தம் இளமையை நினைந்து அவ்வொலியைப் போற்றுகின்றனரேயன்றி ஒலியிற் சிறப்பில்லை என்பர். முதியோர் திறத்தில் இஃது ஓரளவு உண்மையாகலாம். ஆனால் எமக்கு அகவை பத்தொன்பது. யாம் பிறப்பதற்குப் பல்லாண்டு முன்னரே அக்கருவியின் உற்பத்தி நின்றது. எம்மனோர்க்கு நினைந்து ஏங்க அதில் இளமை நினைவு ஒன்றும் இல்லை. அவ்வாறிருந்தும் அவ்வொலி எம் செவியைப் பற்றுகின்றதாயின் காரணம் ஏக்கம் ஆகாது. 2022இல் பியான்ஸே வெளியிட்ட ‘பிரேக் மை சோல்’ என்னும் பாட்டில் ‘ஷோ மீ லவ்’ பாட்டின் ஆர்கன் அடிநாதத்தின் சாயல் தெளிவாய்க் கேட்கின்றது. அதனைக் கேட்டு ஆடியவருட் பலர் 1993இற் பிறந்திலர்.

அடுத்த தடை இதனினும் வலிது. கருவியிலுள்ள அத்தனை ஒலியும் நிலைபெற்றனவோ எனின், இல்லை. அதன் சாக்ஸபோனைத் தேடுவார் இலர். ட்ரம்பெட்டையும் தேடுவார் அரியர். குறைபாடே சிறப்பாயின், பியானோவினும் குறைபட்ட சாக்ஸபோன் அன்றோ மிகுந்த புகழ் பெற்றிருத்தல் வேண்டும்? இவ்வினா எம்மை நெடுநாள் அலைக்கழித்தது. எமக்குத் தோன்றிய விடை வருமாறு. சாக்ஸபோன் மூச்சினால் வாழ்வது. ஒவ்வொரு மூச்சும் வேறு. ஒரே மூச்சின் பதிவு ஒவ்வொரு கட்டைக்கும் மாறாது வருமாயின், செவி அதனை உயிரற்ற உடலென்று உடனே காண்கின்றது. பியானோவும் ஆர்கனுமோ தாமே பொறிகள். கட்டை அழுத்த ஒலிப்பன. வாசிப்போனுக்கும் தந்திக்கும் இடையே மரமும் சுத்தியலும் முன்னமே நிற்கின்றன. ஆகவே அவற்றைப் போன்றது, மனிதனைப் போல நடித்த பொறியாகத் தோன்றாது, அவ்வினத்திற் பிறந்த இன்னொரு பொறியாகவே தோன்றுகின்றது. ‘யூனிவர்ஸ்’ என்னும் பெயரோடு அக்கருவியின் முதல் ஒலியாய் நிற்கும் பெருங்குரலும் இன்னதென்று சுட்டக்கூடிய எக்கருவியையும் போலாமையாலேயே பிழைத்தது. குறைபாடு எங்கும் அழகாவதில்லை. அது தான் நிற்பதற்கு ஓர் இடம் பெற்றால்தான் அழகாகின்றது.

ஒரு முறையீட்டையும் ஈண்டுக் கூறாமல் விடுதல் முறையன்று. டிஎக்ஸ்7இன் காலத்திலேயே ஒலிகளைத் தாமே ஆக்குவோர் அருகி, நிறுவனத்தார் அமைத்துத் தந்த ஆயத்த ஒலிகளையே கையாளுவோர் பெருகினர். எம்1 அவ்வழக்கத்தை நிலைநிறுத்திற்று. அதன்பின் எங்கும் ஒரே பியானோ, ஒரே ஆர்கன், ஒரே யூனிவர்ஸ் என்னும் சலிப்பும் எழுந்தது. அவ்வாயத்த ஒலிகளை அமைத்தவர் யாவர்? கோர்க் நிறுவனத்திற்காக ஒலிகளை வகுத்த ஜாக் ஹாட்டப் முதலிய ஒரு சிலர். ‘பிரேக் மை சோல்’ பாட்டிற்கு ‘ஷோ மீ லவ்’ பாட்டை இயற்றியோர் பெயரும் உடன் குறிக்கப்பெற்றது; அது நேர்மை. ஆயின் அவ்விரு பாட்டையும் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று காட்டும் ஒலியை வகுத்தார் பெயர் எப்பாட்டின் ஆக்கியோர் பட்டியலிலும் இல்லை. ஒலியைச் செய்வோன் கருவி செய்த தச்சனுக்கு ஒப்பானவனே, அவனுக்குப் பாட்டில் உரிமை ஏது என்பர். வீணை செய்தவன் பெயரை நாம் கச்சேரியிற் கூறுவதில்லை என்பது உண்மையே. எனினும் வீணை செய்தவன் வாசிப்போன் விரலுக்கு வழிவிட்டு விலகிக்கொள்கின்றான். ஆர்கன் 2ஐ வகுத்தவனோ ஒவ்வொரு சுரத்திலும் தன் கையொப்பத்தை இட்டுச் சென்றான். இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தல் எமக்கு உடன்பாடன்று.

நிற்க. இக்கருவியின் உடல்நிலையைப் பற்றியும் ஒன்று கூறுவோம். எம்1இனுள்ளே சிஆர்2032 என்னும் சிறு பொத்தான் பாட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னும் 100 தனி ஒலிகளின் அமைப்பையும் கூட்டொலிகளையும் எழுதிய பாட்டையும் காத்து நிற்பது அதுவே. அது வலியிழந்தால் யாவும் அழியும். ஆலையில் இட்ட ஒலியமைப்புக்களுக்கும் கருவிக்குள் வேறு படி இல்லை. நினைவட்டை கொண்டோ, வேறு கணிப்பொறியிலிருந்து மிடி வாயிலாகவோ மீண்டும் ஏற்றுதல் வேண்டும். வட்டில் எழுதிவைக்கும் வசதியோ 1989இல் வந்த டி வரிசைக் கருவிகளுக்கே கிட்டியது. ஆயின் பாட்டரி மடிந்தாலும் அந்த 4 மெகாபைட் பதிவுகள் மடிவதில்லை. அவை நிலையான நினைவகத்தில் உள்ளன. அழிவது, எந்தப் பதிவை எந்த அடியில், எத்துணை வடித்து, எவ்வெதிரொலியோடு ஒலிக்க வேண்டும் என்னும் கட்டளைகளே. எழுத்துக்கள் எஞ்ச, அவற்றாலாய சொற்கள் மறைந்த நிலை எனலாம். ஏட்டுச் சுவடிகளைச் செல் அரித்த வரலாற்றைப் படித்தவர்க்கு இதன் துயரம் விளங்கும். கருவியைத் திறந்து, பழைய பாட்டரியை எடுத்துப் புதியதை இட்டு, சொற்களை மீண்டும் ஏற்றிக் காத்துவருவோர் ஒருவகைச் சுவடி காப்போரே. திரையின் ஒளி மங்கினும், கட்டைகளின் கீழுள்ள ரப்பர் தேயினும், அவற்றையும் மாற்றுகின்றனர்.

பாட்டரிக் கவலை இல்லாத வடிவும் இன்று உண்டு. கோர்க் நிறுவனத்தார் அப்பழைய பதிவுகளையே கணிப்பொறி மென்பொருளாக வெளியிட்டனர். 2015இல் ஐபேட் கருவிக்கும் தந்தனர். இடம் மிகுதியாய் உள்ள இக்காலத்தில் பியானோவைப் புதிதாய் முழுதும் பதிவுசெய்து உள்ளே வைத்திருக்கலாம், அவ்வாறு செய்திலர். சுழலும் அச்சிறு துண்டுகளையே மாற்றாது வைத்தனர். ஒன்று மட்டும் கூட்டினர். பழைய எம்1இன் ஃபில்டரில் ரெஸனன்ஸ் இல்லை. அஃதாவது ஒலியை மழுக்கலாம், கூவச் செய்ய இயலாது. மற்றைச் சிந்தசைஸர்களில் இருந்த அவ்வசதி அதில் இல்லாமையை அந்நாளிற் பலரும் பெருங்குறையாகக் கூறினர். மென்பொருளில் அக்குறையைப் போக்கி ரெஸனன்ஸையும் சேர்த்துள்ளனர். பியானோ 16 அடி பழையபடியே ஒலிக்க வேண்டுமாயின் அதனைச் சுழியத்தில் வைத்துத் தொடாது விடுதல் வேண்டும்.